பி.எஸ்சி. நர்சிங் சேரப் போகிறீர்களா? முதலில் ஆஸ்பத்திரியைப் பாருங்கள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த இரண்டாவது நாள் என் போன் அடிக்கத் தொடங்கும். சித்தி மகள், பழைய தோழியின் தம்பி, எப்போதோ வார்டில் பார்த்த நோயாளியின் பேத்தி. "அக்கா, நர்சிங்ல சேரலாம்னு இருக்கேன், எந்த காலேஜ் நல்லா இருக்கும்?" நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "அந்த காலேஜ் பிள்ளைகள் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்?" பத்துப் பேரில் ஒன்பது பேர் அதை விசாரித்திருக்க மாட்டார்கள். கட்டடம், ஹாஸ்டல், பஸ், கட்டணம் எல்லாம் கேட்டிருப்பார்கள். நான்கு வருடத்தில் பாதி நேரத்தை எங்கே கழிக்கப் போகிறோம் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நடுவில் கொஞ்ச காலம் மாணவிகளுக்கு வார்டில் சொல்லிக் கொடுக்கும் வேலையும் பார்த்தேன். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் சேர்கிறவர்களுக்கானது இது.

எது நர்சிங் படிப்பு?

துணைச் செவிலியர் படிப்பான ஏ.என்.எம். இரண்டு வருடம், டி.ஜி.என்.எம். என்ற டிப்ளமா மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். நர்ஸாக வேலை பார்க்க வழிவிடும் படிப்புகள் இவைதான். டிப்ளமா முடித்தவர்கள் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கலாம். ஆக, இந்த வருடம் பி.எஸ்சி. இடம் கிடைக்காவிட்டால் உலகம் இடிந்துவிடாது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடிக் கட்டடத்தில், "ஆறு மாதத்தில் நர்சிங், நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று பேனர் கட்டியிருப்பார்கள். அதில் கிடைக்கும் சான்றிதழை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பெண் அப்படி ஒரு வருடம் படித்துவிட்டு, கிளினிக் ஒன்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனபோது "ஆர்.என். நம்பர் என்ன?" என்று கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்ட அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

கல்லூரியைச் சரிபார்க்க மூன்று பட்டியல்கள் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள பட்டியல், கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியல், மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழு அந்த வருடம் வெளியிடும் கல்லூரி விவரம். நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் எம்.ஜி.ஆர். பல்கலையின் கீழ் வராது. அவற்றுக்கு முதல் பட்டியலைப் பாருங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம். ஏஜென்டே வேண்டாம் என்பேன். அவருக்குப் போகும் கமிஷன் உங்கள் அப்பாவின் பணம்.

ஒரு காலைப் பொழுதைச் செலவழியுங்கள்

பி.எஸ்சி. நர்சிங் நடத்தும் கல்லூரிக்கு, குறைந்தது 100 படுக்கை உள்ள தாய் மருத்துவமனை (கல்லூரியின் சொந்த மருத்துவமனை) வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. பேப்பரில் எல்லாரிடமும் 100 படுக்கை இருக்கும். படுக்கையில் ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் எங்கள் மருத்துவமனையின் கட்டில்கள் நிறையும். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள், மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திரும்பிப் போவார்கள். நடுவில் நாங்கள் அவர்களுக்கு பி.பி. பார்ப்போம். படுக்கையில் கிடந்த ஒரு பெரியவர் என்னிடமே, "பாப்பா, எனக்கு என்ன வியாதின்னு கேட்டா என்ன சொல்லணும்?" என்று ரகசியமாகக் கேட்டார். எங்கள் அதிர்ஷ்டம், கல்லூரிக்கு ஓர் அரசு ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் இருந்தது. நான் கற்ற எதுவாக இருந்தாலும் அங்கே கற்றதுதான்.

ஆகவே வேலை நாள் ஒன்றில், காலை எட்டு மணிக்கு அந்த மருத்துவமனைக்கே போங்கள். ஓ.பி. வரிசை எவ்வளவு நீளம், பிரசவ வார்டு வாசலில் உறவுக்காரர்கள் காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் எதிரே உள்ள டீக்கடையில் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவிகள் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள். கேட்க வேண்டியவை இவை: ஐ.சி.யூ. போஸ்டிங் எங்கே? மனநல போஸ்டிங்குக்கு எந்த ஊர்? இதுவரை எத்தனை பிரசவம் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள்? சி.ஐ. (வார்டில் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்) வார்டுக்கு உங்களோடு வருவாரா, இறக்கிவிட்டுப் போய்விடுவாரா? கல்லூரி முதல்வர் சொல்லாததை அந்தப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

அரசு மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த நர்சிங் கல்லூரிகளில் இந்தக் கவலையே இல்லை. சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி, சிவகங்கை ஆகிய இடங்களில் அப்படிக் கல்லூரிகள் உண்டு. இடம் குறைவு, கட்டணமும் குறைவு, நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. மதுரையில் பெரியாஸ்பத்திரி வார்டில் ஒரு மாதம் நின்றவளுக்கு வேறு எங்கும் பயம் வராது.

விண்ணப்பிக்கும் வழி

அடிப்படைத் தகுதி: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். அறிவியல் பாடங்களில் மொத்தம் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. சேரும் வருடத்தின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உயிரியல் எடுக்காமல் கணினி அறிவியல் குரூப்பில் படித்தவர்களுக்கு வழி இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த தங்கை வீட்டில் இருந்தால் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தேர்வுக் குழு ஒற்றைச் சாளர முறையில் ஆன்லைனில் விண்ணப்பம் வாங்குகிறது. பார்மசி போன்ற படிப்புகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். நர்சிங்குக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். கட்-ஆஃப் 200-க்குப் போடுவார்கள்: உயிரியல் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. உயிரியல் 82, இயற்பியல் 70, வேதியியல் 76 என்றால் 82 + 35 + 38 = 155. சுயநிதிக் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் ஒரு பகுதியை இந்தக் கவுன்சலிங்குக்குத் தருகின்றன. அந்த இடங்களுக்கு நிர்வாக ஒதுக்கீட்டைவிடக் கட்டணம் குறைவு. அதனால் மார்க் குறைவு என்று நீங்களே முடிவுகட்டி, நேராக நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிடாதீர்கள். விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள்.

வெளியே இன்னும் சில கதவுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே மூடிவிடும். புதுச்சேரி ஜிப்மரும் ராணுவ நர்சிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. ராணுவத்துக்கு அதற்கு மேல் தனித் தேர்வும் நேர்காணலும் உண்டு, பெண்களுக்கு மட்டும். எய்ம்ஸுக்குத் தனி நுழைவுத் தேர்வு. வேலூர் சி.எம்.சி. தன் சேர்க்கையைத் தானே நடத்துகிறது. அதை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் அங்கே நர்சிங் பள்ளி தொடங்கினார். நாட்டில் நர்சிங் பட்டப்படிப்பு 1946-ல் முதலில் வந்த இரண்டு இடங்களில் வேலூர் ஒன்று, டெல்லி மற்றொன்று. இதில் எதற்காவது ஆசை இருந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே ஜனவரியிலிருந்து அறிவிப்புகளைக் கவனியுங்கள். "டாக்டருக்குப் படிக்கலையே, நீட் எதுக்கு" என்று விட்டுவிட்டு ஜூன் மாதம் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இ-சேவை மையத்துக்கு ஏப்ரலிலேயே போங்கள்

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று நான்கையும் ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கிவிடலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று விண்ணப்பம் நகர நாள் பிடிக்கும். ஜூன் மாதம் ஊரே அதற்காக நிற்கும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் வேறு யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அண்ணன் ஏற்கெனவே வாங்கிவிட்டான் என்றால் உங்களுக்கு இல்லை. பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தீர்கள் என்பதற்கான சான்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்; புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்க அது உதவும். சி.பி.எஸ்.இ. போன்ற வேறு போர்டில் படித்தவர்கள் பல்கலைக்கழகத்திடம் தகுதிச் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பின்னாளில் பெரிதாகும்: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்று மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் ஒற்றை 'ஏ', இன்னொன்றில் இரட்டை 'ஏ' என்றால், நான்கு வருடம் கழித்துக் கவுன்சில் பதிவிலும், பாஸ்போர்ட்டிலும், விசாவிலும் அது துரத்தும். இப்போதே திருத்திவிடுவது சுலபம்.

தரவரிசை வந்ததும் ஆன்லைனில் கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். இங்கேதான் அந்த டீக்கடைப் பேச்சு பயன்படும். கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியையும் மேலே போடுங்கள். போட்டால் நஷ்டம் இல்லை. சேரவே மாட்டேன் என்று தெரிந்த கல்லூரியை மட்டும் போடாதீர்கள், அதுவே வந்து தொலையும். இடம் ஒதுக்கீடு ஆனதும் ஆணையில் உள்ள கடைசி நாளைக் கவனியுங்கள். அது தாண்டினால் இடம் போய்விடும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. சொல்லும் கட்டணத்துக்கு மேல் ஹாஸ்டல், மெஸ், சீருடை, வெள்ளை ஷூ, போஸ்டிங் பஸ், ரெக்கார்ட் நோட்டு என்று வரும். நான்கு வருடத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. பிடித்து வைக்கிறார்கள் என்பதும் உண்மை. கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

முதல் ஆறு மாதம்

சேர்ந்தவுடன் செய்ய வேண்டியது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. வார்டுக்குப் போவதற்கு முன் தொடங்கிவிடுங்கள். ஊசி குத்திக்கொள்ளாத நர்ஸை நான் பார்த்ததில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கலக்கும். எனக்கும் கலக்கியது. உடற்கூறியல் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியில் பத்து வார்த்தை புரியாது. மனப்பாடம் செய்ய ஆரம்பித்தால் தீராது, வார்த்தைகளை உடைக்கப் பழகுங்கள். வால் பகுதியில் 'ஐடிஸ்' வந்தால் அழற்சி. 'எக்டமி' வந்தால் வெட்டி எடுப்பது. 'ஆஸ்கோப்பி' என்றால் கருவி விட்டுப் பார்ப்பது. தலையில் 'நெஃப்ரோ' வந்தால் சிறுநீரகம், 'ஹெப்பட்' வந்தால் கல்லீரல். அப்படியானால் 'நெஃப்ரெக்டமி' என்ன, 'ஹெபடைடிஸ்' என்ன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஐம்பது துண்டுகள் தெரிந்தால் பாதிப் புத்தகம் பிடிபடும். தேர்வு ஆங்கிலத்தில்தான், ஆனால் யாரும் இலக்கணத்துக்கு மார்க் போடுவதில்லை. படம் வரைந்து பாகம் குறித்தால் மார்க் விழும்.

முதல் போஸ்டிங்கில் உங்களுக்குக் கிடைப்பது ஊசி இல்லை, பெட்ஷீட். படுக்கை விரிப்பதையே பல நாள் செய்ய வைப்பார்கள். மூலையை 45 டிகிரியில் மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். "இதுக்கா நாலு வருஷம்?" என்று எரிச்சல் வரும். சுருங்கிய விரிப்பில் பத்து நாள் அசையாமல் கிடந்தவரின் முதுகுப் புண்ணை ஒருமுறை டிரஸ்ஸிங் செய்யும்போது அந்த எரிச்சல் போய்விடும்.

கணக்கும் வரும். டிரிப்ஸ் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 500 மில்லி சலைன், 8 மணி நேரத்தில் போக வேண்டும். டிரிப்ஸ் செட்டின் கவரில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டிருக்கிறது. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 8 மணி நேரம் என்பது 480 நிமிடம். வகுத்தால் 20.8, அதாவது நிமிடத்துக்கு 21 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணி, டியூபில் உள்ள வீலை நகர்த்திச் சரி செய்ய வேண்டும். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் வாங்குங்கள். வார்டில் போனை வெளியே எடுத்தால் வார்டு சிஸ்டர் வாங்கி மேஜைக்குள் போட்டுவிடுவார்.

என் முதல் இன்ட்ராமஸ்குலர் ஊசி, அதாவது தசையில் போடும் ஊசி, ஒரு பாட்டிக்கு. தள்ளி நின்ற சி.ஐ.-யைவிட எனக்கு அந்தப் பாட்டிதான் பாடம் எடுத்தார். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, புதுசா? பயப்படாம குத்து, எனக்கென்ன, எத்தனை ஊசி பார்த்தாச்சு" என்றார். போட்டு முடித்ததும், "அடுத்தவளுக்குப் போடும்போது பேச்சுக் குடுத்துக்கிட்டே போடு, வலி தெரியாது" என்றார். இன்றுவரை அப்படித்தான் போடுகிறேன்.

எட்டு செமஸ்டர்

நான் படித்தபோது வருடத் தேர்வு. 2021-ல் வந்த புதிய பாடத்திட்டத்துக்குப் பிறகு செமஸ்டர், கிரெடிட் முறை. முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், உயிர்வேதியியல், சத்துணவு, இவற்றோடு நர்சிங் ஃபவுண்டேஷன். இரண்டாம் வருடம் நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல், அடல்ட் ஹெல்த். மூன்றாம் வருடம் குழந்தை நலம், மனநலம், சமூக நலம், ஆறாவது செமஸ்டரில் பிரசவம் தொடங்கும். ஏழாவதில் ஆராய்ச்சியும் புள்ளியியலும். எட்டாவது முழுக்க இன்டர்ன்ஷிப், 22 வாரம்.

இரண்டாம் வருடம்தான் அதிகம் பேர் தடுமாறுகிற இடம். மருந்தியலும் நோயியலும் இரண்டு செமஸ்டர்களுக்குத் தொடரும். முதல் பாதியை ஒப்பேற்றினால் இரண்டாம் பாதி புரியாது. மருந்துகளைத் தனியே உட்கார்ந்து படிக்க வேண்டாம். வார்டில் உங்கள் நோயாளியின் சார்ட்டில் உள்ள ஐந்து மருந்தை அன்றைக்கு இரவே படியுங்கள். முகத்தோடு சேர்ந்த மருந்து மறக்காது.

விதிகளில் இவற்றை மனதில் வையுங்கள். தியரிக்கு இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தேர்ச்சிக்கு 50 சதவீதம், ஆங்கிலத்துக்கும் விருப்பப் பாடங்களுக்கும் மட்டும் 40. தியரியும் பிராக்டிக்கலும் தனித்தனியாகத் தேற வேண்டும், ஒன்றில் போனால் இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். வருகைப்பதிவு 80 சதவீதம் இல்லாமல் தேர்வு எழுத முடியாது. கிளினிக்கல் போஸ்டிங்கோ பட்டம் வாங்குவதற்குள் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு எடுத்த லீவை, ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும்போது வார்டில் நின்று கழிக்க வேண்டும். அரியர் வைத்துக்கொண்டு அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், ஆனால் ஐந்தாம் செமஸ்டர் தேர்வுக்கும் ஏழாம் செமஸ்டர் தேர்வுக்கும் முன்னால் பழைய பாக்கி எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். மொத்தப் படிப்பையும் எட்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும்.

ரெக்கார்ட் நோட்டும் லாக் புக்கும் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுப்பவை. ப்ரொசீஜர் செய்த அன்றே லாக் புக்கில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். போஸ்டிங் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போனால் அந்த ஸ்டாஃப் வேறு வார்டுக்கு மாறியிருப்பார், உங்களை அவருக்கு நினைவும் இருக்காது. சீனியரின் கேஸ் ஸ்டடியைப் பார்த்து எழுதுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் "இந்த நோயாளிக்குப் பொட்டாசியம் எவ்வளவு இருந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டால் குட்டு வெளிப்படும்.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு டயரி வையுங்கள். எந்த வார்டு, எத்தனை மணி நேரம், என்ன செய்தீர்கள் என்று. வெளிநாட்டுக் கவுன்சில்கள் கிளினிக்கல் மணி நேரத்தைத் துறைவாரியாகக் கேட்கும்போது கல்லூரி அலுவலகம் கையை விரித்தால் அது கைகொடுக்கும்.

பட்டம் கைக்கு வந்தபின்

பட்டம் வாங்கியதும் சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1926 சட்டத்தின் கீழ் வந்த பழைய அமைப்பு அது. பதிவு ஆனதும் ஆர்.என்., ஆர்.எம். என்று நர்ஸ், தாதி இரண்டுக்கும் எண் கிடைக்கும். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யின் தேர்வு, எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நார்செட் என்ற தேர்வு. எம்.ஆர்.பி. வழியே எடுப்பவர்கள் முதலில் தொகுப்பூதியத்தில்தான் இருப்பார்கள், நிரந்தரம் ஆக வருடங்கள் ஆகலாம். இதைத் தெரிந்துகொண்டே போங்கள். வெளிநாடு போக ஆசை என்றால் ஜெர்மனிக்கு மொழியை மூன்றாம் வருடத்திலேயே தொடங்குங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆள் எடுக்கும் அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள்.

கடைசியாக ஒன்று. மார்க் ஷீட், பட்டம், கவுன்சில் சான்று எதையும் லேமினேட் செய்யாதீர்கள். சான்று உண்மை என்று உறுதிசெய்யும் அட்டஸ்டேஷன் முத்திரை சான்றிதழின் பின்பக்கத்தில்தான் விழும். என் பதிவுச் சான்று வந்த அன்று, அப்பா அதை ஊரெல்லாம் காட்டிவிட்டு, சாயங்காலம் ஆசை ஆசையாக லேமினேட் போட்டு எடுத்து வந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க மனம் வரவில்லை. மறுவாரம் டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பித்தேன். அந்த லேமினேட் சான்று இன்னும் எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது.